சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் பைத்தியம்

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். பெண் பிள்ளை பெற்றவள் நீ, நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேசும்போது யாராவது இந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள் என்றார்கள். நீட்டட்டும். என் வருத்தத்தின் சரியான பெயரைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் பிடித்தது. அதில் முக்கால்வாசி நாட்கள் பிழையான பெயர் ஒன்றை என் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பெயரோடு நான் செத்திருந்தால் என் மகளும் ஒருநாள் அதே பெயரோடு செத்திருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ரொசாலின். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் உயிரியல் படிப்பிக்கிறேன். பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். மீன் மணக்காத நாள் எங்கள் ஒழுங்கையில் இருந்ததில்லை. ஆனால் எனக்கு மீன் ஆகாது. இறைச்சி ஆகாது. முட்டை பொரிக்கும் மணம் வந்தாலே எழும்பி வாசலுக்குப் போய்விடுவேன். பருப்பைக்கூடச் சோற்றிலிருந்து ஒதுக்கிவைப்பேன். நத்தார்ப் பண்டிகைக்கு வீடு முழுக்க இறைச்சி தின்ன, நான் ஒரு மூலையில் சோறும் பூசணிக்காயும் தின்றுகொண்டிருப்பேன். “இவள் வீடு மாறிப் பிறந்திட்டாள்” என்று அப்பா பகிடி விடுவார். அது நாக்கின் குழப்படி இல்லை, என் உடம்பு தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்ட விதம் என்று முப்பத்துநான்கு வயது வரைக்கும் யாருக்கும் தெரியாது. உயிரியல் படிப்பித்த எனக்கும் தெரியாது.

கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்தார். ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைபவர். அதிகம் கதைக்கமாட்டார். நான் கத்தோலிக்கம், அவர் சைவம் என்று இரண்டு வீட்டாரும் எங்களோடு கோபமாக இருந்தார்கள். பிள்ளை உண்டானதும் அந்தக் கோபம் கரைந்தது. அவருடைய அக்கா புவனா மச்சாள், எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பல் ஏறி, திருகோணமலை வழியாகப் பத்து நாள் மினக்கெட்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு உடுப்புப் பையும் பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள் ஒரு பெரிய போத்தலும் கொண்டுவந்தார். வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் அந்தப் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார்கள் என்பதை அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகள் சுகமாகப் பிறந்தாள். அனித்தா என்று பெயர் வைத்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மச்சாள் அடுப்படிக்குள் இறங்கினார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க யாழ்ப்பாணத்தில் என்ன கொடுப்பார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பால்சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் போட்டு வறை செய்வார்கள். காலையில் முட்டைக் கோப்பி. மத்தியானம் சரக்குக் கறியும் சின்ன மீனும். பின்னேரம் மறுபடி முட்டை. நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன்.

“பிள்ளை, நீ தின்னாமல் பால் எங்காலை வரும்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு. உனக்காகத் தின்ன வேண்டாம், அவளுக்காகத் தின்.”

அவளுக்காக என்றதும் வாயைத் திறந்தேன். மச்சாள் பக்கத்தில் இருந்து குழந்தைக்குத் தீத்துவதுபோலத் தீத்தினார். நான்கு நாள் விடாமல் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு புரதம் நான் தின்றதில்லை.

ஏழாம் நாள் காலையில் வாந்தி. மத்தியானம் நித்திரை நித்திரையாக வந்தது. அடுத்த நாள் நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளையின் நாப்கினை மடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேனாம். கடற்கரைப் பக்கத்தால் ரயில் போனபோது, அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள், கதவைத் திற என்று கத்தினேனாம். சிவநேசன் பிள்ளையை என் மடியில் வைத்தபோது, “இது ஆருடைய பிள்ளை?” என்று கேட்டேனாம். அதைக் கேட்டதும் அவர் பேசாமல் போய் முச்சக்கரவண்டி பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே என்னைக் கொல்லப் பார்த்தவர்களும் இல்லை, கவனமாகப் பார்த்தவர்களும் ஆரம்பத்தில் இல்லை. பெரிய டொக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். பிள்ளை பெற்று ஒரு கிழமை, தடுமாற்றமான பேச்சு, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் என்று எழுதினார். அப்படி ஒரு நோய் உண்மையாகவே உண்டு. எனக்கு இருந்தது அது இல்லை, அவ்வளவுதான். ஊசி போட்டார்கள். நான் எழும்பி ஓடப் பார்த்தேன் என்று இரண்டு கையையும் பன்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். அவளுக்குத்தான் மெய்யாகவே மனம் குழம்பியிருந்தது. புருஷன் வடக்கே சண்டையில் காணாமற்போனவன். நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் ஒன்றும் தெரியாது. ஆனால் தேத்தண்ணி வந்தால் முதலில் என் வாயில் வைத்துப் பருக்கிவிட்டுத்தான் தான் குடிப்பாள். என் கை கட்டியிருந்ததை அந்த வார்டில் கவனித்தது அவள் ஒருத்திதான்.

வாந்தியால் நான் ஒன்றும் சாப்பிடாத நாட்களில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். அந்த நாட்களில் தலை தெளியும். மகளின் பெயர் நினைவு வரும். கையை அவிழ்த்துவிடுவார்கள். “பாருங்கோ, மருந்து வேலை செய்யுது” என்று சந்தோஷப்பட்டு, முட்டையும் பாணும் பாலும் கொண்டுவந்து வைப்பார்கள். புவனா மச்சாள் வீட்டிலிருந்து மீன் சொதி கட்டிக்கொண்டு வருவார். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மறுபடி தலைக்குள் புகை.

இது இரண்டாவது தடவை நடந்தபோது என் மூளையின் ஏதோ ஒரு மூலையில் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் எழுதுவதுபோலக் கையைக் காட்டினேன். அவள் தலையணைக்குக் கீழேயிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்துத் தந்தாள். சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். காலை ஏழு மணி, முட்டை, பாண், பால். பத்து மணி, கை நடுங்குகிறது. பதினொரு மணி, மகளின் பெயர் தெரியவில்லை. அதற்குப் பிறகு கோடுகள் மட்டும். அடுத்த நாள், சேலைன் மட்டும். பின்னேரம் நான்கு மணி, அனித்தா, அனித்தா, அனித்தா.

அந்த அட்டை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. சாப்பிட்ட நாளின் எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல. சாப்பிடாத நாளின் எழுத்து என் கரும்பலகை எழுத்து.

காலையில் பெரிய டொக்டர் சுற்றுக்கு வந்தபோது அட்டையை நீட்டினேன். மறுநாள் என்னை மனநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஏற்கெனவே கடிதம் எழுதியாகிவிட்டது. சிவநேசன் கட்டில் கால்மாட்டில் நின்றார்.

“டொக்டர், நான் எப்பவும் பைத்தியம் இல்லை. சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் பைத்தியம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். “சிரியுங்கோ. ஆனா இதை வாசிச்சுப்போட்டுச் சிரியுங்கோ” என்றேன். அவர் அட்டையை வாங்காமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்து, அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்ற ஓர் இளம் பெண் டொக்டர் தனியாகத் திரும்பி வந்தார். பெயர் தில்ருக்ஷி. படிப்பை முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிராது. “மிஸ், அந்த கார்ட் குடுங்க” என்றார். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். பிறகு கட்டில் ஓரத்தில் இருந்தார்.

“மிஸ்ஸுக்கு மீன், இறைச்சி சின்ன வயசிலேயே பிடிக்காதா?”

“ஓம். எப்பவும் பிடிக்காது.”

“குடும்பத்திலே ஆம்பிளைப் பிள்ளை யாரும் பொறந்த உடனே செத்துப் போனதா?”

அப்போது அம்மா என் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூன்று சாவடியில் சோதனைக்கு இறங்கி ஏறி வருவார். வந்தால் எனக்குச் சோற்றுக்கஞ்சி பருக்கிவிட்டு, வெள்ளவத்தைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்.

“அப்படி ஒண்டும் இல்லை” என்றார் அம்மா.

எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் அதைக் கதைப்பதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தில்ருக்ஷி தலையாட்டிவிட்டு எழும்பிப் போனார். அவர் வார்டின் வாசலைத் தாண்டும்போது அம்மா கையிலிருந்த கஞ்சிப் போத்தலை என் கட்டிலில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினார். அறுபது வயதில் அம்மா ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“டொக்டர்! ரெண்டு பேர். ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். ரெண்டும் மூணாம் நாள்.”

தில்ருக்ஷி அதற்குமேல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் கையில் இரத்தம் எடுத்தார். அமோனியா பார்க்கிற இரத்தம் சூட்டில் நின்றால் கணக்குப் பிழைத்துவிடும். கன்டீனில் குளிர்பானப் போத்தல்களுக்குப் போட்டிருந்த ஐஸை ஒரு தகரப் பேணியில் அள்ளி, அதற்குள் குழாயைக் குத்திவைத்து, தானே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு ஓடினாராம். முடிவு வந்தபோது இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. இயந்திரம் பிழை என்று திருப்பிச் செய்யச் சொன்னார்கள். திருப்பியும் அதேதான்.

நடந்தது இதுதான். நாம் தின்னும் புரதத்தில் நைதரசன் இருக்கிறது. உடம்பு புரதத்தை உடைக்கும்போது அந்த நைதரசன் அமோனியாவாக வரும். அமோனியா மூளைக்கு நஞ்சு. ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்த வேலைக்கு வரிசையாகச் சில நொதியங்கள் வேண்டும். எனக்கு அதில் ஒன்று போதாது. அரைவாசிக்கும் குறைவான நொதியத்தோடு, மீனையும் முட்டையையும் ஒதுக்கி ஒதுக்கி, நான் முப்பத்துநான்கு வருடம் தப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு கருப்பை சுருங்கும்போது உள்ளேயும் புரதம் உடையும். அதற்கு மேல் மச்சாளின் அன்பு.

பெரிய டொக்டர் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. காலையில் “பலமாக இருக்க வேண்டும்” என்று தாதி தந்த பாலும் முட்டையும் வேலையைத் தொடங்கிவிட்டன. கூப்பிட்டால் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டேன். அமோனியாவைப் பிடித்து வெளியேற்ற சோடியம் பென்சொவேற் என்ற தூள் வேண்டும். ஜாம், கோர்டியல் கெடாமல் இருக்கப் போடுகிற சாமான்தான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அது இருக்கவில்லை. புறக்கோட்டையில் இரசாயனச் சாமான் விற்கும் கடை ஒன்றில் சுத்தமான தூள் கிடைக்கும், வாங்கி வந்தால் தான் அளவாக நிறுத்துக் கலந்து தருவதாக மருந்தாளர் சொன்னார். தில்ருக்ஷி சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, ஆஸ்பத்திரித் தொலைபேசி இலக்கமும் போட்டு சிவநேசனிடம் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் ஒரு கிலோ வெள்ளைத் தூள். இடம் புறக்கோட்டை. குண்டுப் பயத்தில் ஊர் முழுக்கச் சோதனைச் சாவடி போட்டிருந்த காலம்.

திரும்பி வரும் வழியில் பிடித்தார்கள். இதை அவர் ஒரே நாளில் எனக்குச் சொல்லவில்லை. வருடக்கணக்காகத் துண்டு துண்டாகச் சொன்னதை நான் பொருத்திக்கொண்டேன்.

“மே மொனவத?” இது என்ன என்று ஆமிக்காரன் கேட்டிருக்கிறான். இவர், “பெஹெத், நோனாட்ட” என்று, பெண்சாதிக்கு மருந்து என்று சொல்லிக் கடிதத்தை நீட்டியிருக்கிறார். மருந்தென்றால் மருந்துக்கடைப் பையில் அல்லவா இருக்கும், இது ஏன் மண்ணிறக் காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது? பக்கத்துப் பொலிஸ் காவலரணுக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் போயிற்று. தூளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், நாளைக்குத்தான் தெரியும் என்று ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார்.

வாழ்க்கையில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாத மனிதன் அப்போது எழும்பினாராம். மேசையில் இருந்த பொட்டலத்தைத் திறந்து, ஒரு கை அள்ளி, எல்லாரும் பார்க்க வாயில் போட்டுச் சப்பி விழுங்கினாராம். “குண்டுமருந்தெண்டால் நான் வெடிக்கிறன். நஞ்செண்டால் இஞ்சையே சாகிறன். மருந்தெண்டால் என்னை விடுங்கோ” என்று தமிழிலேயே சொன்னாராம். சிங்களம் மறந்துபோயிற்றாம்.

அதிகாரி கடிதத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் தில்ருக்ஷி. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அவரே பிறகு சொன்னார்: “சேர், அந்த மனுஷி செத்தா நான் சேர்ட்டிபிக்கட் எழுதணும். காரணம் எண்ட இடத்திலே உங்க பேரையும் எழுதட்டா?” ஐந்து நிமிடத்தில் ஒரு பொலிஸ் ஜீப்பில் ஏற்றி அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள்.

தூளை அளந்து கரைத்து மூக்குக் குழாயால் விட்டார்கள். கையில் குளுக்கோஸ். புரதம் ஒரு துளியும் இல்லை. அளவு இறங்காவிட்டால் இரத்தம் சுத்தப்படுத்தும் இயந்திரத்தில் போடுவதென்று ஏற்பாடு. இறங்கியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தபோது கட்டிலருகில் மச்சாள். என் தலையில் சிக்குப் பிடித்த மயிரை ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது.

“நான்தானே உனக்குத் தீத்தினனான், ரொசா. என்ரை கையாலை.”

“நீங்கள் பிள்ளைக்குப் பால் வரவேணுமெண்டு தந்தனீங்கள் மச்சாள். அதுக்கு ஒரு சட்டத்திலையும் தண்டனை இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரமே சிவநேசனிடம் சொல்லி ஒரு சின்னத் தராசு வாங்கினார். அன்றிலிருந்து என் பருப்பு அந்தத் தராசில் ஏறித்தான் சட்டிக்குள் இறங்கும். “இண்டைக்கு உனக்கு இவ்வளவுதான். அழுதாலும் தரமாட்டன்” என்பார். பருப்புக்காக நான் அழப்போகிறேனா? இருந்தாலும் அவருக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆறுதல்.

வீட்டுக்குப் போகிற நாளில் பெரிய டொக்டரின் அறைக்குப் போனேன். என் நோயட்டையில் முதல் பக்கத்தில் அந்தப் பழைய பெயர் அப்படியே இருந்தது. கீழே அமோனியா ஏறும் நோய் என்று புதிய பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

“இதை வெட்டுங்கோ டொக்டர்.”

“பரவாயில்லை மிஸிஸ் சிவநேசன், கீழே சரியாக எழுதியிருக்கிறதே.”

“அடுத்த முறை என்னை மயக்கத்தில தூக்கிக்கொண்டு வந்தால் மேல இருக்கிறதைத்தான் முதல்ல வாசிப்பினம். மனநோய் வெட்கமெண்டு நான் சொல்லேல்ல. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்தவள்தான் இந்த வார்டில என்னை முதல்ல மனுஷியாய்ப் பார்த்தவள். ஆனா அது என்ரை வருத்தமில்லை. வெட்டிக் கையெழுத்து வையுங்கோ.”

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவர் பேனையை எடுத்தார். ஒரு கோடு. ஒரு கையெழுத்து. திகதி. அட்டையைத் தரும்போது, “நான் அந்தப் பேப்பரை வாசித்திருக்க வேண்டும்” என்று மெதுவாகச் சொன்னார். ஓம் என்றேன்.

என் இரத்தத்தைத் தில்ருக்ஷி வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தில்ருக்ஷி ஒரு மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். நீளவட்டம், அதற்குள் இன்னொரு நெளிந்த கோடு. இழைமணி, ஆங்கிலத்தில் மைட்டோகொண்ட்ரியா. பதினான்கு வருடமாக நான் கரும்பலகையில் வரைந்த அதே படம். கலத்தின் சக்தி நிலையம் என்று எழுதி, இரட்டை மென்சவ்வு என்று அம்புக்குறி போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். உள்ளே வேலை செய்யும் புரதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாளும் நானும் கேட்டதில்லை, ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

ஏறக்குறைய எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன. கரு சொல்லும் குறிப்பை வைத்து வெளியே குழியவுருவில் புரதம் கட்டப்படுகிறது. இழைமணிக்குப் போக வேண்டிய புரதத்தின் தலைப்பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு கூடுதலாக இருக்கும். அதில் நேரேற்றமுள்ள அமினோ அமிலங்கள் அதிகம். இழைமணியின் வெளிச்சவ்வில் இருக்கிற வேறு புரதங்கள் அந்தத் துண்டைத்தான் அடையாளம் காணும். கண்டால் வாயிலைத் திறக்கும். புரதம் மடிப்புக் குலைந்து நூல்போல நீண்டு, இரண்டு சவ்வையும் தாண்டி உள்ளே இழுக்கப்படும். உள்ளே போனதும் ஒரு நொதியம் அந்தத் தலைத்துண்டை வெட்டி எறிந்துவிடும். வேலை முடிந்தது அல்லவா? பிறகு புரதம் தன் உருவத்துக்கு மடிந்து வேலையைத் தொடங்கும்.

“உங்க நொதியத்திலே ஒரு குறையும் இல்லை மிஸ்” என்றார் தில்ருக்ஷி. “வேலை செய்யிற பகுதி முழுக்கச் சரி. தலைத்துண்டிலே ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. ஏற்றம் உள்ளது இருக்கவேண்டிய இடத்திலே ஏற்றம் இல்லாதது. அதனாலே உள்ளே எடுக்குது இல்லை. வெளியே நிண்டு நிண்டு உடைஞ்சு போகுது.”

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆச்சரியம். என்ன அழகான ஏற்பாடு! அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என் உடம்புதான் சொல்லித்தந்தது.

இந்தக் குறிப்பு எக்ஸ் நிறமூர்த்தத்தில், அதாவது எக்ஸ் குரோமோசோமில், இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் ஈரலின் சில கலங்கள் மற்றதை வைத்து நொதியம் செய்யும், அதனால் நான் பிழைத்தேன். ஆணுக்கு ஒன்றே ஒன்று. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் அமோனியா ஏறும்.

அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

“டொக்டர், ஒண்டு கேக்கட்டா? ரெண்டும் செத்த நேரம் மாமியார் சொன்னாங்க, என்ட பால்ல விஷமெண்டு. ஆஸ்பத்திரியில யாரும் அப்படி இல்லையெண்டு சொல்லேல்ல. இவளுக்கு நான் பயத்தில பால் குடுக்கேல்ல. மாப்பால்தான் குடுத்தன், தண்ணி கூடக் கலந்து.” அம்மா நிறுத்தினார். “என்ட பால்ல விஷம் இருந்திச்சா?”

“இல்லை அம்மா. யார் பால் குடுத்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். உங்க பால் நல்ல பால்.”

“என்னாலதானே அந்தப் பிழையான எழுத்து இவளுக்கு வந்தது?”

நான் குறுக்கே விழுந்தேன். “நீங்கள் எழுதினதா அம்மா? உங்களுக்கும் யாரோ தந்தது. அவைக்கும் யாரோ தந்தது. இனி ஒருத்தரும் இதை உங்கட தலையில வைக்கக்கூடாது. வைச்சால் என்னட்ட அனுப்புங்கோ.”

அம்மா சிட்டையில் இருந்த படத்தை விரலால் தடவினார். பிறகு, “மூத்தவன் சவிரி. மற்றவன் பெனடிக்ற்” என்றார். “நான்தான் தண்ணி தெளிச்சுப் பேர் வைச்சன். குருவானவர் வரமுந்தி.” முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு பெயரும் அவர் வாயைவிட்டு வெளியே வந்ததில்லை. தில்ருக்ஷி தன் கொப்பியில் குடும்பப் படம் வரையும்போது ஆண்பிள்ளைகளுக்குப் போட்ட இரண்டு சதுரத்தின் கீழும் பெயரை எழுதினார். அம்மா எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார்.

அனித்தாவின் இரத்தமும் போயிருந்தது. அவளுக்கும் அதே மாற்றம் இருக்கிறது. அந்தப் பதில் வந்த அன்று நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதை மறைக்கப்போவதில்லை. அழுது முடித்து வெளியே வந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை எழுதினேன். இந்தப் பிள்ளை வாந்தி எடுத்தால், தடுமாறினால், புரதம் கொடுக்காதீர்கள், குளுக்கோஸ் ஏற்றுங்கள், உடனே அமோனியா பாருங்கள். சிவநேசன் அதைத் தன் வரைபட எழுத்தில் அழகாகப் படியெடுத்தார்.

அப்போதுதான் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் வந்து, இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். புவனா மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், தட்டை மேசையில் வைத்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னார்: “அண்ணை, தெரியாததாலை நான் இவளைக் கொல்லப் பார்த்தனான். இனியும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாதோ?” அவர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த கிழமை வகுப்பைத் திரும்பத் தொடங்கினேன். மிஸ்ஸுக்கு மூளை பிசகிவிட்டது என்ற கதை காலி வீதியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் போயிருந்தது. அப்படியிருந்தும் நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். வரட்டும். எனக்கு என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொன்னேன். பிறகு கரும்பலகையில் நீளவட்டத்தை வரைந்தேன். உள்ளே நெளிந்த கோடு. வெளியே ஒரு புரதம், அதற்குத் தலைத்துண்டு. வாயில். உள்ளே வெட்டும் நொதியம். பக்கத்தில் என் புரதத்தை வரைந்து, தலைத்துண்டில் ஒரு புள்ளியைச் சிவப்புச் சோக்கால் போட்டேன்.

முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். பாடவிதானத்தை மனப்பாடமாக வைத்திருப்பவள்.

“மிஸ், இது சோதினைக்கு வருமா?”

“வராது” என்றேன். “கொப்பியைத் திறந்து எழுதுங்கோ.”